கேம் கவசம் செய்யப் போகிறீர்களா? ஃபோம், 3டி பிரிண்ட், ரெசின், வோர்ப்லா: எது தோது?

கேமில் பார்த்த கவசத்தைத் தானே செய்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். ஃபோம் வாங்குவதா, பிரிண்டர் வாங்குவதா? ஃபோமில் செய்தவரின் வீடியோவைப் பார்த்தால் அதுவே போதும் என்று தோன்றும். அடுத்த வீடியோவில் ஒருவர் பிரிண்டரிலிருந்து முழு ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக் காட்டுவார், மனசு அந்தப் பக்கம் சாயும். இப்படியே மாதங்கள் ஓடும், கவசம் மட்டும் வராது.

எந்தப் பொருளில் அழகாக வரும் என்று கேட்டால் முடிவு கிடைக்காது. எல்லாவற்றிலும் அசத்தலான கவசங்கள் வந்திருக்கின்றன. நான் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: முதல் தடவை மாட்டிப் பார்க்கும்போது எங்கெங்கோ இடிக்கும். இடிக்கிற இடத்தைத் திருத்த இந்தப் பொருள் எவ்வளவு இடம் கொடுக்கும்?

இடிக்கும் என்று அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. கேம் கவசம் திரைக்காக வரையப்பட்டது. கதாபாத்திரம் கையைத் தூக்கினால் தோள் தகடு மார்புத் தகட்டுக்குள் சத்தமில்லாமல் புகுந்து போகும், யாரும் கவனிப்பதில்லை. நம் தோள் அப்படிப் புகாது. ஹாலோவின் மாஸ்டர் சீஃப் கவசத்தோடு நின்றால் ஏறக்குறைய ஏழடி. மெட்ராய்டு கேமின் நாயகி சமஸுக்குத் தோளில் தலை அளவுக்குப் பெரிய இரண்டு உருண்டைகள். 2015-இல் வந்த ஃபால்அவுட் 4-இல் பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசத்தை யாரும் உடுத்துவதில்லை, பின்பக்கம் திறந்து உள்ளே ஏறிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் சாதாரண உயரமுள்ள ஓர் உடம்பில் ஏற்றும்போது கழுத்து காணாமல் போவதும், உட்கார முடியாமல் போவதும் சகஜம்.

## எதை வைத்து எடை போடுவது

திருத்தம். மேலே சொன்னதுதான். அறுத்துச் சேர்க்க முடியுமா, சூடாக்கி வளைக்க முடியுமா, இல்லை அந்தத் துண்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டுமா?

எடையும் புழுக்கமும். மேசையில் கிடக்கும்போது லேசாகத் தெரிகிற தகடு, தோளில் ஒரு மணி நேரம் தொங்கினால் வேறு ஆளாகிவிடும். ஒவ்வொரு துண்டும் கொஞ்சம்தான், எல்லாம் சேர்ந்தால்தான் சேதி தெரியும்.

மேற்பரப்பு. உங்கள் கதாபாத்திரத்தின் கவசம் கண்ணாடிபோலப் பளபளக்கிறதா, அடிபட்டுக் கீறல் விழுந்து மங்கிக் கிடக்கிறதா? மங்கலான பூச்சு குறைகளை மறைக்கும். பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

வேலையின் தன்மை. ஒரு முறையில் வெட்டுவதும் ஒட்டுவதும் அதிகம், இன்னொன்றில் தேய்ப்பது அதிகம், மற்றொன்றில் கணினி முன்னால் உட்காருவது அதிகம். உங்களுக்கு எது சலிக்காது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தூசியும் நெடியும் வருகிற வேலைக்குத் தனி இடம் வேண்டும், படுக்கையறையில் நடக்காது.

மறைமுகச் செலவு. பிளேடு, உப்புத்தாள், பட்டி, ப்ரைமர், மாஸ்க், பக்கிள், வீணாய்ப் போகும் பொருள் எல்லாம் இதில் சேரும். முதல் கணக்கில் இவற்றை யாரும் எழுதுவதில்லை, கடைசியில் பார்த்தால் மூலப்பொருளைத் தாண்டியிருக்கும்.

வெயிலும் பயணமும். காரில் வைத்தால் வளையுமா, கீழே விழுந்தால் உடையுமா, மடித்து எடுத்துப்போக முடியுமா?

நான்கு முறைகளையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் (வோர்ப்லா என்பது சூடாக்கினால் வளையும் பிளாஸ்டிக் தாள்):

| | ஈவிஏ ஃபோம் | 3டி பிரிண்ட் | காகித உரு, ரெசின் | வோர்ப்லா |
|---|---|---|---|---|
| திருத்தம் | மிக எளிது | மீண்டும் அச்சிட வேண்டியிருக்கும் | கடினம் | எளிது, சூடாக்கினால் போதும் |
| எடை | மிகக் குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் வரை | அதிகம் | நடுத்தரம் |
| கூர்மையான விளிம்பு | சுமார் | மிக நன்று | நன்று, உழைத்தால் | சுமார் |
| அதிக நேரம் போவது | வெட்டு, ஒட்டு, சீல் | தேய்ப்பு | பட்டி, தேய்ப்பு | மேற்பரப்பைச் சமன் செய்வது |
| நெடி, தூசி | பசை நெடி, நுண்தூசி | தேய்க்கும் தூசி | கடும் நெடி, கண்ணாடி இழைத் தூசி | குறைவு |
| தொடக்கச் செலவு | குறைவு | அதிகம் (இயந்திரம்) | குறைவு | பொருளே விலை அதிகம் |

## ஈவிஏ ஃபோம்

உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் பதிக்கிறார்களே, அந்த மெத்தென்ற விரிப்பின் பொருள்தான். தாளாக 2 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை தடிமனில் வரும். மார்பு, முதுகு போன்ற பெரிய தகடுகளுக்கு 8 அல்லது 10, அதன் மேல் ஒட்டும் அடுக்குகளுக்கு 5, விளிம்பு அலங்காரத்துக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். தடிமனைவிட அடர்த்தி முக்கியம். கன மீட்டருக்கு 100 கிலோவை ஒட்டிய அடர்த்தியான ஃபோம் விளிம்பைக் கூர்மையாகத் தாங்கும், தேய்த்தால் மழமழவென்று வரும். லேசான ஃபோம் விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். தரை விரிப்பையே வாங்கினால் ஒரு பக்கம் சொரசொரப்பான அச்சு இருக்கும், அந்தப் பக்கம் உட்புறமாகப் போக வேண்டும்.

இதன் பெரிய வசதி, அளவை உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கலாம் என்பது. பழைய டீ-ஷர்ட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் ஒட்டும் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டி, கவசத்தின் கோடுகளை மார்க்கரில் நேராக உடம்பின் மேலேயே வரைய வேண்டும். இடது வலதை ஒப்பிட நடுக்கோடு ஒன்று அவசியம். பிறகு கத்தரித்து எடுத்துத் தட்டையாக விரித்தால் அதுவே வெட்டும் அளவு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டாம். ஒரு பக்கத்தை வரைந்து, கவிழ்த்துப் போட்டு மறுபக்கத்துக்கு வெட்டுங்கள். மனித உடம்பு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது, கவசம் இருக்க வேண்டும்.

ஃபோம் வேலையில் எனக்குப் பிடித்த இடம் பேனல் கோடுகள். கேம் கவசங்களில் தகடுகளைப் பிரிக்கிற அந்த மெல்லிய கோடுகள் இல்லாவிட்டால் எதுவும் உலோகம்போல் தெரியாது. கட்டரைத் தடிமனில் பாதி ஆழத்துக்கு மட்டும் இறக்கி ஒரே இழுப்பாகக் கீற வேண்டும். கீறியதும் ஒன்றுமே தெரியாது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை அதன் மேல் மெதுவாக நகர்த்தினால் கோடு தானாக வாய் பிளந்து சுத்தமான பள்ளமாகிவிடும். அதே சூட்டில் ஃபோமின் மேல்தோலும் இறுகிப் பளபளக்கும், பெயின்ட்டை உறிஞ்சுவது குறையும். பழைய பிளேடால் கீறினால் கோடு பிசிறடிக்கும், சூடு காட்டினால் பிசிறு இன்னும் பெரிதாகத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே பிளேடுகளைப் பெட்டிக் கணக்கில் வாங்க வேண்டியிருக்கும்.

திருத்தத்தில் ஃபோமை மிஞ்ச ஆளில்லை. மார்பு இறுக்கமா? பக்கவாட்டில் அறுத்து, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டையைச் செருகி ஒட்டினால் முடிந்தது. அக்குள் உரசுகிறதா? வளைவாக இன்னும் கொஞ்சம் வெட்டி விடலாம். ஆனால் இதெல்லாம் பெயின்ட்டுக்கு முன்னால். பெயின்ட் ஏறிய ஃபோமுக்கு மறுபடி ஹீட் கன் காட்டினால் பூச்சு கொப்பளிக்கும்.

மறைமுகச் செலவு எங்கே வரும்? காண்டாக்ட் சிமென்ட் என்ற பசையை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் போய் லேசான பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்து, அப்புறம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது, கோணலாக ஒட்டினால் அந்தத் துண்டு போச்சு. அதன் நெடி தலையைச் சுற்ற வைக்கும். சாதாரணத் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் நெடியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பெயின்ட்டுக்கு முன் வளைந்து கொடுக்கும் சீலர் பல கோட் அடிக்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் பெயின்ட்டைத் தடிமனாக அடித்தால் வளைகிற இடங்களில் வெடிக்கும். வைத்திருக்கும் முறையும் ஒரு செலவுதான். மேலே கனமான சாமானை வைத்து மூட்டை கட்டினால் மடிந்த இடத்தில் தடம் விழுந்துவிடும்.

எங்கே தோற்கும்? முழு உருண்டை வடிவத்தில். சமஸின் தோளை ஃபோமில் செய்ய ஆரஞ்சுச் சுளைபோல வெட்டி ஒட்ட வேண்டும், ஒவ்வொரு இணைப்பையும் மறைக்க வேண்டும். கண்ணாடிப் பளபளப்பிலும் தடுமாறும். சின்னஞ்சிறு எழுத்து, திருகு, குழாய் போன்ற நுணுக்கங்களைக் கையால் வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும்.

## 3டி பிரிண்ட்

பிரிண்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் பிரிண்டர் செய்வது கால்வாசி. முன்னால் அளவு, பின்னால் தேய்ப்பு, இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

அளவு முதலில். இணையத்தில் கிடைக்கும் மாடலை மொத்தமாக இத்தனை சதவீதம் பெரிதாக்கு என்று சொன்னால் நீளம் சரியாகும், சுற்றளவு தவறும். நீண்ட மெல்லிய கை உள்ளவருக்கும் குட்டையான தடித்த கை உள்ளவருக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. உடம்பின் அளவில் ஒரு 3டி உருவத்தை வைத்து, அதன் மேல் கவசத்தைப் போட்டுப் பார்க்க ஆர்மர்ஸ்மித் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அதிலும் உள்ளே போடும் இறுக்கமான உடை, பஞ்சு இவற்றின் தடிமனைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அச்சிடும் முன் ஒரு சிக்கனமான வழி உண்டு. முன்கைத் தகட்டை முழுதாக அச்சிடாதீர்கள். மாடலை மணிக்கட்டருகில் ஒரு சில மி.மீ. உயரத்துக்கும், முழங்கையருகில் அதே உயரத்துக்கும் வெட்டி, அந்த இரண்டு வளையங்களை மட்டும் அச்சிட்டுக் கையில் மாட்டிப் பாருங்கள். கை நுழைகிறதா, மணிக்கட்டைத் திருப்ப முடிகிறதா, உள்ளே உடை போட்டால் இடம் இருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இதே உத்தி. ஹெல்மெட்டுக்குக் கழுத்து வளையத்தை அச்சிட்டுப் பாருங்கள். தலை உள்ளே இருக்க இடம் இருந்தும் கழுத்து வழியாகத் தலை நுழையாது என்பது கேம் ஹெல்மெட்களில் அடிக்கடி வரும் வில்லங்கம். அப்படியானால் பின்பாதியையோ தாடைப் பகுதியையோ தனியாக வெட்டி, காந்தத்தில் சேர்க்கும்படி மாடலைத் திருத்த வேண்டும்.

அடுத்தது பிரிண்டர் அச்சிடும் தட்டின் அளவு. பல வீட்டு பிரிண்டர்களின் தட்டு 220 அல்லது 256 மி.மீ. சதுரம்தான். மார்புத் தகடு அதில் அடங்காது, துண்டுகளாக வெட்டித்தான் அச்சிட வேண்டும். வெட்டும் கோட்டை மாடலின் இயல்பான பேனல் கோட்டின் மேலேயே போட்டால் இணைப்பை மறைக்கும் வேலை மிச்சம். தட்டையான இடத்தின் நடுவே போட்டால் பட்டி வைத்தே மாய வேண்டும்.

அப்புறம் தேய்ப்பு. 0.2 மி.மீ. அடுக்கில் அச்சிட்டால் அடுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, நிரப்பும் ப்ரைமர் அடித்து, 220, மறுபடி ப்ரைமர், 400 என்று போக வேண்டும். பள்ளங்களுக்குப் பட்டி. அவசரப்பட்டு மின்சாரத் தேய்ப்பானை அழுத்தினால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் உராய்வுச் சூட்டிலேயே இளகி இழுபடும். தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்ப்பது மெதுவானாலும் சுத்தம், தூசியும் பறக்காது. உலர்வாகத் தேய்த்தால் மாஸ்க் இல்லாமல் கூடாது.

பிளாஸ்டிக் எது என்பதிலும் விஷயம் இருக்கிறது. அச்சிட எளிதான பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வைத்த ஹெல்மெட் நெளிந்துபோவது இதனால்தான். பிஇடிஜி 80 டிகிரி வரை தாங்கும், அடி விழுந்தாலும் சட்டென்று முறியாது, ஆனால் தேய்ப்பது தொல்லை. ஏபிஎஸ் 100 டிகிரி வரை தாங்கும், அச்சிட மூடிய பிரிண்டரும் காற்றோட்டமும் வேண்டும். டிபியு ரப்பர்போல வளையும். முழங்கை, விரல் மூட்டு போன்ற இடங்களுக்கு அது தனி வரம்.

திருத்தத்தில் பிரிண்ட்டின் நிலை விநோதமானது. கணினியில் திருத்துவது சுலபம். 3 சதவீதம் பெரிதாக்கு, அச்சிடு, முடிந்தது. வலது காலை அப்படியே கவிழ்த்து இடது காலாக்கலாம். உடைந்தால் அதே துண்டு மறுபடி கிடைக்கும். ஆனால் அந்த மறு அச்சு உங்களிடம் வரும்போது அடுக்குக் கோடுகளோடு வரும். அத்தனை தேய்ப்பும் அத்தனை ப்ரைமரும் முதலிலிருந்து. மாட்டிப் பார்க்காமலே தேய்க்க ஆரம்பித்தவர்கள்தான் இங்கே நொந்துபோகிறார்கள். சுவரை மெல்லியதாக வைக்காவிட்டால் எடையும் ஏறிக்கொண்டே போகும்.

ஹெல்மெட், துப்பாக்கி, இயந்திர நுணுக்கம் நிறைந்த அறிவியல் புனைவுக் கவசம், பளபளப்பான கவசம்: இவற்றுக்கு இதற்கு இணை இல்லை.

## காகித உருவும் ரெசினும்

பிரிண்டர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் ஹாலோ கவசம் செய்தவர்களில் பலர் இந்த வழியில்தான் போனார்கள். பெப்பகுரா என்ற ஜப்பானிய மென்பொருள் 3டி மாடலைத் தட்டையான காகித வடிவங்களாக விரித்துத் தரும். தடித்த அட்டையில் அச்சிட்டு, வெட்டி, மடித்து ஒட்டினால் காகிதக் கவசம் தயார். அதன் மேல் பாலியஸ்டர் ரெசின், உள்ளே கண்ணாடி இழைத் துணி, வெளியே காருக்குப் பூசும் பட்டி, அப்புறம் தேய்ப்பு.

தொடக்கச் செலவு காகிதம்தான் என்பதால் ஆசை காட்டும். ஆனால் ரெசின் பட்டதும் காகிதம் நனைந்து நெளியும், ஹெல்மெட்டின் தாடை அகன்றுவிடும். நெளியாமல் இருக்கக் குறுக்கே அட்டைப் பட்டைகள் ஒட்டி நிறுத்த வேண்டும். பாலியஸ்டர் ரெசினின் நெடி கடுமையானது, திறந்தவெளி இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. அதோடு கலக்கும் ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி இழையைத் தேய்க்கும் தூசி தோலில் பட்டால் நமைச்சல் எடுக்கும், மூச்சில் போகவே கூடாது.

திருத்துவது சிரமம். இறுகியபின் அறுக்கலாம், ஆனால் ஒவ்வோர் அறுப்புக்கும் பின்னால் மறுபடி இழை, மறுபடி பட்டி. பிரிண்டர் வாங்கவும் முடியாது, அச்சிட்டுத் தரவும் ஆளில்லை, ஆனால் முற்றமும் பொறுமையும் இருக்கிறது என்றால் இன்றும் இது ஓடும். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெட்டும் வடிவத்துக்காக மட்டும் பெப்பகுராவைப் பயன்படுத்தி, காகிதத்துக்குப் பதில் ஃபோமில் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர், அது நல்ல யோசனை.

## வோர்ப்லா

தாளாக வரும் தெர்மோபிளாஸ்டிக். சுமார் 90 டிகிரியில் இளகி, கையால் இழுத்தால் வளைந்து கொடுக்கும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். வெட்டி மிஞ்சிய துணுக்குகளைச் சூடாக்கிப் பிசைந்தால் பூ வேலைப்பாடோ சிங்க முகமோ செய்துவிடலாம், வீணே கிடையாது. பேன்டஸி கேம்களின் செதுக்கு வேலை நிறைந்த மார்புக் கவசத்துக்கு இது அருமையான பொருள். இரட்டை வளைவுள்ள வடிவம், அதாவது இரண்டு திசையிலும் குவிந்த இடம், வெட்டாமலே வரும். இடிக்கிற இடத்தைச் சூடாக்கித் தள்ளிவிட்டால் திருத்தமும் முடிந்தது.

விலைதான் முட்டுக்கட்டை. முழுக் கவசத்துக்கும் இதையே போட்டால் கை சுடும். பழுப்பு நிறத்தில் வரும் முதல் வகையின் மேற்பரப்பு சொரசொரப்பானது, மரப்பசையோ ப்ரைமரோ பல கோட் அடித்துத் தேய்த்தால்தான் சமமாகும். கறுப்பு வகை கொஞ்சம் மழமழப்பு. ஃபோமை நடுவில் வைத்து இரு பக்கமும் மூடினால் உறுதி கூடும், எடையும் கூடும்.

## ரெடிமேட் கிட்

அச்சிட்ட துண்டுகளையோ வெட்டிய ஃபோமையோ வாங்கி, பூச்சும் பட்டையும் மட்டும் நாமே போடுவது ஐந்தாவது வழி. நேரம் இல்லாதவருக்குச் சரி. ஆனால் அளவு வேறொருவரின் உடம்புக்கு எடுத்தது, தேய்க்கும் வேலை அப்படியே மிஞ்சும். விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எந்த உயரம், எந்த மார்புச் சுற்றளவுக்கு இது செய்யப்பட்டது?

## முழுக் கவசத்துக்கும் ஒரே பொருள் வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரே பொருளில் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உடம்பின் இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஹெல்மெட் வளையத் தேவையில்லை, எல்லாரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அதனால் பிரிண்ட். மார்பும் முதுகும் மூச்சு விடும்போது அசைகிற இடம், பெரிய பரப்பு, எடை தோளில் விழும். அதனால் ஃபோம். இடுப்பும் தொடையும் உட்காரும்போது மடங்கும் இடம், அங்கே கடினமான பொருள் வைத்தால் விளிம்பு தொடையில் குத்தும். ஃபோமேதான். முன்கையும் கெண்டைக்காலும் நேரான குழாய் வடிவம், எதில் செய்தாலும் சரி. பக்கிள், திருகு, சின்னம், விளக்கு வைக்கும் கூடு போன்ற சிறியவற்றை அச்சிட்டு ஃபோமின் மேல் ஒட்டினால் ஃபோமின் மொழுக்கு விளிம்பு கண்ணுக்கே தெரியாது. வோர்ப்லாவை அலங்கார விளிம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தேய்த்த பிளாஸ்டிக்கும் சீல் செய்த ஃபோமும் ஒரே பெயின்ட்டை வேறு மாதிரி காட்டும். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே அடி நிறமும் கடைசியில் ஒரே கிளியர் கோட்டும் அடியுங்கள். கீறல், அழுக்கு, துரு வேலையையும் துண்டு துண்டாகச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒன்றாக வரிசையில் வைத்துச் செய்தால் வேறுபாடு மறைந்துவிடும்.

## யாருக்கு எது

முதல் கவசம், அடுக்குமாடிக் குடியிருப்பு, கையில் இருப்பது கட்டரும் ஹீட் கன்னும் மட்டும் என்றால் ஃபோம். யோசிக்கவே வேண்டாம்.

பிரிண்டர் ஏற்கெனவே இருக்கிறது, மாடலைத் திருத்தவும் தெரியும், கதாபாத்திரம் இயந்திரத்தனமானது என்றால் பிரிண்ட். கவசத்துக்காக மட்டும் பிரிண்டர் வாங்க நினைத்தால், முதலில் ஹெல்மெட்டை மட்டும் வேறொருவரிடம் அச்சிட்டு வாங்கித் தேய்த்துப் பாருங்கள். தேய்ப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம்.

நிகழ்ச்சிக்கு நாள் குறைவு என்றால் எதையும் புதிதாகக் கற்க முயல வேண்டாம், கைக்குப் பழகியதே நல்லது. மேடையில் குதிக்க, உருள வேண்டியவருக்கு ஃபோம். போட்டியில் நடுவர் பக்கத்தில் வந்து பார்ப்பார் என்றால் பிரிண்ட்டும் ஃபோமும் கலந்தது. நாள் முழுக்க நடந்து, சின்னப் பிள்ளைகள் தட்டிப் பார்க்கும் இடத்துக்குப் போகிறவருக்கு உடைந்தால் கூர்முனை வராத பொருள்தான் நல்லது, அதுவும் ஃபோம். இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் நான் ஃபோம் கட்சி என்பது தெரிந்துவிடும், தெரியட்டும்.

## பட்டைகளும் பெயின்ட்டுக்கு முந்தைய ஒத்திகையும்

எந்தப் பொருளை எடுத்தாலும் கவசத்தை உடம்பில் நிறுத்துவது பட்டைகள்தான். இதற்குக் கடைசி இரவை ஒதுக்குகிறவர்கள் நடக்கும்போதே தொடைத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தொடைத் தகட்டைத் தொடையைச் சுற்றிக் கட்டினால் வழுக்கிக்கொண்டே இறங்கும். இடுப்பு பெல்ட்டிலிருந்து தொங்கவிட வேண்டும், தொடையைச் சுற்றிய எலாஸ்டிக் அதை ஆடாமல் பிடித்தால் போதும். தோள் தகட்டைக் கையில் கட்டுவதைவிட மார்புத் தகட்டின் தோள்பட்டையிலிருந்து தொங்கவிடுவது நல்லது. அப்போது கையைத் தூக்கினால் அது கூடவே ஏறிக்கொள்ளும், கேமில் நடக்கிற அந்த உள்ளே புகும் வித்தைக்கு நாம் செய்யக்கூடிய மாற்று அதுதான். இழுவை அதிகமான இடத்தில் பக்கிளும் நைலான் பட்டையும், இழுவை இல்லாத இடத்தில் டிச் பட்டனோ காந்தமோ. வெல்க்ரோவைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள், வியர்வையில் உரிந்து வரும், தைத்துவிடுங்கள். உள்ளே போடும் உடை கறுப்பாக இருந்தால் இடைவெளிகள் கண்ணில் படாது.

ஹெல்மெட்டுக்குள் சின்ன மின்விசிறி ஒன்று கட்டாயம். முகக் கண்ணாடி ஆவி படிந்து மறைவது அதனால் குறையும். கீழே பார்க்க முடியாது என்பதால் படிகளில் கூட ஓர் ஆள் வேண்டும்.

பட்டைகள் பொருத்தி முடித்ததும், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன், எல்லாத் துண்டுகளையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். நாற்காலியில் உட்காருங்கள். படி ஏறி இறங்குங்கள். குனிந்து தரையிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். கதவில் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். உரசுகிற இடத்திலெல்லாம் வண்ண டேப் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டே வாருங்கள். கழற்றியதும் டேப் உள்ள இடங்களை வெட்டி, தேய்த்து, பஞ்சு வைத்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக எத்தனை துண்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது, அதைத் தனியாகச் செய்ய முடிகிறதா என்பதையும் அதே சோதனையில் பாருங்கள். முடியவில்லை என்றால், முதுகில் இருக்கும் பக்கிளைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ப்ரைமர் அடியுங்கள்.